உள்ளூர்ச் சனம் சாப்பிடுகிற இடம்

ஊர் சுற்றப் போகிறவர்களில், "உள்ளூர்ச் சனம் எங்கை சாப்பிடுகுது?" என்று கேட்கிற ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். விமானத்தை விட்டு இறங்கும்போதே தன்னோடு இறங்கிய நூற்றெண்பது பேரையும் சுற்றுலாக்காரர் என்று ஒரு மாதிரிப் பார்ப்பார். கையில் உருட்டுப் பெட்டி, கழுத்தில் கமரா, தலையில் நேற்று வாங்கிய தொப்பி, ஆனால் அவர் மட்டும் சுற்றுலாக்காரர் இல்லை. ஆங்கிலத்தில் மெனு வைத்த கடை அவருக்கு ஆகாது. மேசைக்கு விரிப்புப் போட்டிருந்தால் ஆகவே ஆகாது. பிளாஸ்ரிக் கதிரை, போன வருஷக் கலண்டர், சிரிக்காத பரிமாறுபவர், இவை மூன்றும் இருந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

பேர்ணில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிற மதிவதனன் அண்ணை இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. சுவிசுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். தன் தெருமுனையில் உள்ள சுவிஸ் சாப்பாட்டுக் கடையின் கதவை இன்றுவரை திறந்ததில்லை. போன வசந்த விடுமுறையில் மனைவி சிவரூபினியையும் மாமியார் யோகாம்பாளையும் கூட்டிக்கொண்டு ஸ்பெயினில் உள்ள வலென்சியாவுக்குப் போனார். அங்கே நடந்ததைச் சிவரூபினிதான் எனக்குச் சொன்னார்.

யோகாம்பாளுக்கு எழுபத்துமூன்று வயது, நீரிழிவுக்காரி. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். முதல் நாள் மத்தியானம் அவர் ஊசியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, ஹோட்டலுக்கு எதிரிலேயே ஒரு கடை இருந்தது. வாசலில் சோறு, மீன், முட்டை எல்லாம் படமாகப் போட்டிருந்தார்கள்.

"இது சுற்றுலாக்காரருக்கு வைச்ச கடை. கொஞ்சம் நடப்பம்," என்றார் மதிவதனன்.

"எனக்குப் படத்திலை இருக்கிறதே காணும், தம்பி," என்றார் மாமியார்.

யார் கேட்டார்? நடந்தார்கள். இரண்டாவது கடைக்குள்ளே ஒரு ஜெர்மன் தம்பதி இருந்ததால் அது கழிந்தது. மூன்றாவது கடையில் பரிமாறுபவர் "ஹலோ" என்று சொல்லிவிட்டார். போச்சு. நாலாவது கடை பூட்டிக்கிடந்தது. அதுதான் உண்மையான உள்ளூர்க் கடை என்று அவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று ஏங்கினார்.

அப்போதுதான் பெயின்ற் பட்ட உடுப்போடு ஒரு தொழிலாளி கடந்து போனார்.

"வேலைக்காரர் எங்கை சாப்பிடுகினமோ, அங்கைதான் சாப்பாடு. அவருக்குப் பின்னாலை வாங்கோ."

அந்த மனிதருக்குப் பின்னால் மூன்று தமிழர், சந்து சந்தாக இருபது நிமிடம். அவர் திரும்பிப் பார்த்தார். வேகமாக நடந்தார். இவர்களும் வேகமாக நடந்தார்கள். கடைசியில் அவர் ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று, சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். அது அவருடைய வீடு.

யோகாம்பாள் வாசல் படியில் இருந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற சிவரூபினிக்கு உடனே விளங்கிவிட்டது.

"அம்மாவுக்குச் சீனி இறங்குது. இனிப்பா ஏதும் வேணும். குளுக்கோஸ் எங்கை?"

குளுக்கோஸ் முதுகுப் பையில் இருந்தது. முதுகுப் பை ஹோட்டலில் இருந்தது. அதோடு போனால் சுற்றுலாக்காரர் என்று தெரிந்துவிடும் என்று வைத்துவிட்டு வரச் சொன்னவர் மதிவதனன்தான்.

அவருக்கு ஸ்பானிய மொழியில் தெரிந்தது ஒரே ஒரு வசனம்: "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" விமானத்தில் வரும்போது பாடமாக்கியது. அதையே சொன்னார். அந்த மனிதர் குழம்பிப்போய் விரலால் மேல் மாடியைக் காட்டினார். பிறகுதான் கிழவியைக் கண்டார். படிகளில் ஓடினார். தோடம்பழச் சாறோடு இறங்கி வந்தார். பின்னாலேயே அவருடைய மனைவி, உருளைக்கிழங்கு போட்டுத் தடிப்பாகப் பொரித்த முட்டையையும் பாணையும் ஒரு தட்டில் கொண்டுவந்தார்.

மதிவதனன் மாமியாரின் காலடியில் குந்தியிருந்து, கிளாசை அவர் வாயில் பிடித்தார். "மாமி, குடியுங்கோ மாமி," என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அழுதாரென்றும் கேள்வி. பத்து நிமிடத்தில் யோகாம்பாளுக்கு நடுக்கம் நின்றது. பொரியலில் ஒரு துண்டை எடுத்து மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு. உறைப்புத்தான் காணாது."

அன்று பின்னேரம் மூவரும் ஹோட்டலுக்கு எதிரில் இருந்த படக் கடையில் சாப்பிட்டார்கள். அடுத்த மூன்று நாளும் அங்கேதான். படத்தைத் தொட்டுக் காட்டிச் சாப்பாடு கேட்டவர் மதிவதனன்தான்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்?

போன கிழமை பேர்ண் கோயிலில் அன்னதானத்துக்கு நிற்கும்போது, எனக்கு முன்னால் மதிவதனன் அண்ணை நாலு பேருக்குக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"வலென்சியாவிலை ஒரு இடத்திலை சாப்பிட்டம் பாருங்கோ. பெயர்ப் பலகை இல்லை, மெனு இல்லை, கூகிளிலையும் இல்லை. ஒரு மனுசியின்ரை கைப்பக்குவம்."

"எந்த இடம் அண்ணை? நாங்களும் ஓகஸ்ற்றிலை போறம்."

"அதைமட்டும் கேளாதேங்கோ. சொன்னால் சுற்றுலாக்காரர் வந்து பழுதாக்கிப்போடுவினம்."

இரண்டு அடி தள்ளி நின்ற யோகாம்பாள், மருமகனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "ஓம், நல்ல இடம்," என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தத் தெருவின் பெயரை நான் எழுதாமல் விட்டது உங்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறதா? இருந்தால் நீங்களும் இந்த இனம்தான்.

பெயர் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.