ஐந்து நிமிட நாடகமும் நாலு மணி நேர ரசனையும்

உலகத்தில் நாடகம் எழுதியவர்கள் உண்டு, நடித்தவர்கள் உண்டு. நாடகத்தை முறைப்படி ரசித்தவர்கள் நாங்கள் மட்டுமே. இது தற்பெருமை அல்ல. 1953-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கூடிய செயற்குழு இதை ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. தீர்மானத்தை எழுதியவன் நான்; நாகர்கோவிலில் ஒரு நீர்ப்பாசன ஆபீசின் குமாஸ்தா, யேசுரத்தினம்.

எங்கள் என்ஜினீயர் தாணுமாலயன் பிள்ளை சென்னைக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தார். போகும்போது சாதாரண அதிகாரியாகப் போனவர், திரும்பும்போது 'ரசிகராக' வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஓய் யேசுரத்தினம், விடிய விடிய உக்காந்து நாடகம் பாக்கதெல்லாம் காட்டுமிராண்டித்தனம். மேல்நாட்டுல அஞ்சே நிமிசம். ஒரு ஆள் வருவான், தனியா நின்னு பேசுவான், போயிருவான். முழு வாழ்க்கையும் அதுல அடங்கிப்போகும்."

"அஞ்சு நிமிசத்துல முடிஞ்சா மிச்ச நேரம் என்ன செய்யதுக்கு சார்?"

"ரசிக்கணும் ஓய்."

இப்படித்தான் 'குறுநாடக ரசிகர் கழகம்' பிறந்தது. என்ஜினீயர் தலைவர், நான் செயலாளர், ஓவர்சியர் ஜெயசிங் ஆஸ்தான நடிகர். கால்வாய் ஷட்டரைப் பூட்டித் திறக்கும் லஸ்கர் சகாயம் திரை இழுப்பவர். விதிகள் இரண்டே. நாடகம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ரசனை உரைக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது.

ஜெயசிங்கின் முதல் நாடகம் 'மன்னன் வீழ்ந்தான்'. அவர் மேடைக்கு வந்து வானத்தைப் பார்த்தார், "ஐயோ" என்றார், விழுந்தார். ஒன்றரை நிமிடம். அந்த ஐயோவில் 'ஐ'-க்கும் 'யோ'-வுக்கும் நடுவே விட்ட இடைவெளியைப் பற்றி மட்டும் என்ஜினீயர் முக்கால் மணி நேரம் பேசினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வருடாந்திரச் சம்பள உயர்வு அவர் கையில் இருந்தது.

கழகம் வளர வளர ஆபீசில் கோப்புகளும் வளர்ந்தன. திங்கட்கிழமை முழுவதும் முந்தின நாள் நாடகத்தைப் பற்றிய கலந்துரையாடல். வெள்ளிக்கிழமை வரப்போகும் நாடகத்துக்கான ரசனைப் பயிற்சி. நடுவில் கிடைக்கும் நாட்களில் பொதுமக்கள் மனுக்களைத் திருப்பி அனுப்பினோம்.

அப்படித் திரும்பிய மனுக்களில் இரண்டு நாகம்மையுடையவை. கன்னியாகுமரி சாலையை ஒட்டி, கால்வாய் போய் முடிகிற கடைவரம்பு வயல்களில் அரைக்கோட்டை விதைப்பாட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவள். புருஷன் பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தான். மேல் வயல்களின் முறை முடிந்தும் கடைவரம்புக்குத் தண்ணீர் திருப்பிவிட உத்தரவு போகவில்லை. எங்கள் ஊர் அப்போது திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்தது; முதல் மனு தமிழில் இருந்ததால், மலையாளத்தில் எழுதிவரச் சொல்லித் திருப்பினேன். மலையாளத்தில் வந்தபோது முத்திரை வில்லை ஒட்டவில்லை என்று திருப்பினேன். மூன்றாவது மனுவில் குறையே இல்லை. அதனால் அதைத் திருப்பாமல் 'பரிசீலனையில்' வைத்தேன்.

தை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெயசிங்குக்குத் தொண்டை கட்டிவிட்டது. கழகத்தின் ஓட்டுக் கொட்டகை நிறைந்திருந்தது; மேடையில் ஆள் இல்லை. அந்த நேரத்தில் என்ஜினீயரைத் தேடி அவர் வீட்டுக்குப் போன நாகம்மை, அங்கே சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு வந்து, கொல்லைப்புறக் கதவைத் திறந்தாள். அந்தக் கதவு மேடைக்குத்தான் வரும். ஆள் வந்துவிட்டதைக் கண்ட சகாயம் திரையை இழுத்துவிட்டார்.

அவள் கண்கூசி நின்றாள். முன்வரிசையில் என்ஜினீயரைக் கண்டதும் கைகூப்பினாள்.

"ஐயா, பயிரு பொதியில நிக்கு. பதினாறு நாளா சொட்டுத் தண்ணி வரல்ல. ராத்திரி குடத்துல கோரி ஊத்திப் பாத்தேன். குடத்துத் தண்ணி எந்த மூலைக்குக் காணும்? அவுகளுக்கு எந்திரிச்சு இருக்க முடியாது. படுத்துக்கிட்டே கேக்காவ, கதிரு தல சாஞ்சிட்டானு. சாஞ்சிட்டுனு சொல்லுகேன். கதிரே வரல்ல ஐயா. ஷட்டரத் தொறந்து விட்டா ஒரே நனைப்புல பொழச்சுக்கிடும்."

மூன்று நிமிடம் நாற்பது விநாடி. நேரம் குறிப்பது என் பொறுப்பு. கைதட்டலில் கூரை ஓடு அதிர்ந்தது. என்ஜினீயர் கைக்குட்டையை எடுத்தார். அவர் உண்மையாகவே அழுது நான் பார்த்தது அன்றுதான்.

நாகம்மை பயந்துபோனாள். "ஐயா, இது நாடகம் இல்ல. நான் மெய்யாட்டு சொல்லுகேன்."

"கேட்டியளா, கேட்டியளா?" என்று என்ஜினீயர் எழுந்துவிட்டார். "நாடகம் இல்லைனு நாடகமே சொல்லுகு. இந்த முடிவ வேற எவன் யோசிச்சிருப்பான்?"

பிறகு இரண்டரை மணி நேரம் ரசித்தோம். நாகம்மையை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கழுத்தில் மாலை போட்டோம். அவள் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பேசி முடிக்கும்போதும் "அப்ப தண்ணி?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் கைதட்டல்.

மறுநாள் மூன்றாவது மனுவை எடுத்துக்கொண்டு என்ஜினீயரிடம் போனேன். எனக்கும் மனசாட்சி உண்டு. திங்கட்கிழமை காலைகளில் அது வேலை செய்யும்.

"சார், அந்த ஷட்டர் காரியம்."

"ஓய், உமக்கு ரசனை கெடையாது. அடுத்த ஞாயித்துக்கெழம திருவனந்தபுரத்துல இருந்து மேலதிகாரி வாறார். அந்த அம்மாவை அவர் முன்னால பேசவைக்கணும். இப்பமே தண்ணிய விட்டா அவ எதுக்கு அழுவா? உணர்ச்சி செத்துப்போகும் ஓய். நாடகம் முடியட்டும்."

மனு மறுபடியும் பரிசீலனைக்குள் போனது. அந்த வாரத்தில் நாகம்மையின் வயலுக்குக் கிழக்கே இருந்த யோவானின் பயிர் கருகிவிட்டது. அவர் அதை அறுத்து மாட்டுக்குப் போட்டார்.

நாகம்மையை அழைக்க நானே போனேன். அவள் வரப்பில் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் வெகுநேரம் யோவானின் மொட்டை வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீசுல எல்லாரும் வருவாவளா?"

"எல்லாரும் வரணும்னு சர்க்குலர் போட்டாச்சு."

"லஸ்கரு சகாயம்?"

"அவர் இல்லாம திரை எப்படித் தெறக்கும்?"

"போன தடவ மாதிரி நெறய பேசுவியளா?"

"மேலதிகாரி வாறார். இன்னும் கூடுதலாப் பேசுவோம்."

"அப்ப வாறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் திரை விலகியது. நாகம்மை பேசியது சரியாக ஐந்து நிமிடம். இந்தத் தடவை அவள் அழவில்லை. யோவானின் வயலைச் சொன்னாள், புருஷனைச் சொன்னாள், அமைதியாக நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அழாததையே ரசிக்கத் தொடங்கினோம். என்ஜினீயர் ஒன்றரை மணி நேரம். ஓவர்சியர் ஜெயசிங், தொண்டை சரியாகிவிட்டதால், ஒரு மணி நேரம். நான் நாற்பது நிமிடம். அவள் வலது கையால் முந்தானையைப் பிடித்த விதத்தைப் பற்றி. மேலதிகாரியும் தம் பங்குக்குப் பேசி முடித்தபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. நாகம்மை ஒரு தடவைகூடத் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

காலையில் சகாயம் ஆபீசுக்கு ஓடிவந்தார். "சார், ஷட்டரு தொறந்து கெடக்கு. கடைவரம்பு பூரா தண்ணி."

பூட்டு உடையவில்லை. சாவி வழக்கம்போல லஸ்கர் வீட்டு ஆணியில் தொங்கியது. அவர் மனைவி ராகேலைக் கேட்டதற்கு, "நான் என்னத்தக் கண்டேன், மூத்தவளுக்குப் பேன் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

நாகம்மையை வரவழைத்தார்கள். என்ஜினீயர் மேஜையைத் தட்டினார்.

"நேத்து நாலு மணியிலேருந்து எட்டு மணிவர நீ எங்க இருந்த?"

"உங்க முன்னாலதான் ஐயா. நாற்காலி போட்டுத் தந்தியளே."

"அப்ப தொறந்தது யாரு? உனக்குத் தெரியாம நடக்குமா?"

"நான் அஞ்சு நிமிசந்தான் பேசினேன் ஐயா. எங்க வயலுக்குத் தண்ணி வந்து சேர மூணு மணிக்கூர் வேணும். மிச்ச நேரம் பூரா நீங்கதான் பேசினிய."

என்ஜினீயர் என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டை மூடினேன்.

போலீசுக்கு எழுதலாம் என்று ஒரு நாள் யோசித்தார். எழுதினால் அந்த நாலு மணி நேரம் ஆபீஸ் முழுவதும் எங்கே இருந்தது என்பதையும் எழுதவேண்டியிருந்தது. புதன்கிழமை மேலதிகாரியின் கடிதம் வந்தது. ஞாயிறு இரவு கன்னியாகுமரியில் தங்கிவிட்டு மறுநாள் திரும்பியபோது, சாலையோரத்து வயல்களில் தண்ணீர் பாய்ந்ததைக் கண்டாராம். நாடகத்தில் சொன்ன குறையை அன்றே தீர்த்த ஆபீசைப் பாராட்டியிருந்தார். தண்ணீர் விட்ட உத்தரவின் நகலை உடனே அனுப்பவேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

"எழுதும் ஓய்" என்றார் என்ஜினீயர்.

"தேதி?"

"ஞாயித்துக்கெழம."

எழுதினேன். 'மனு பரிசீலிக்கப்பட்டது. குறை உண்மையெனக் கண்டு, உடனடியாகத் தண்ணீர் திறந்துவிட உத்தரவிடப்படுகிறது.' என்ஜினீயர் வாசித்துவிட்டு, 'உடனடியாக' என்ற சொல் வெகு அழகாக அமைந்திருக்கிறது என்றார். நாகம்மையின் மனுக்கள் மேல் எங்கள் ஆபீஸ் பிறப்பித்த ஒரே உத்தரவு அதுதான். தண்ணீர் பாய்ந்து மூன்றாம் நாள் பிறப்பித்தோம்.