ஆமாம் சம்பந்தி, டிவியில் வந்தது நான்தான்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்திற்கு, பெண்ணைப் பெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே என் தொண்டையைத் தவிர மற்ற எல்லோரும் நலம். தொண்டை கட்டிக்கொண்டு வெறும் காற்றுதான் வருகிறது. அதனால்தான் போனில் பேசாமல் கடிதமாக எழுதுகிறேன், மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று எழுதலாமென்றால், நேற்றுக் காலைச் செய்தியைப் பார்த்ததிலிருந்து தாங்கள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று மாப்பிள்ளை என் மகளிடம் சொல்லியிருக்கிறார். "அந்த ஆளு பொண்ணோட அப்பாதானா? கோட்டுல ஒரு கையக் காணோமே, யாரோட சண்டை?" என்று தாங்கள் கேட்டதாக அவள் என் முன்னால் வந்து நின்று கேட்டாள். ஆமாம், அது நான்தான். ஆனால் சண்டை இல்லை. கை கிழியவும் இல்லை. கல்லூரி முதல்வராக இருந்து எத்தனையோ பேருடைய விளக்கங்களைப் பொறுமையாகப் படித்தவர் தாங்கள். இந்த ஒன்றையும் கடைசிவரை படித்துவிட்டு, பிறகு என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டுகிறேன்.

தாங்கள் பெண் பார்க்க வந்தபோது என்னை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் என்று மட்டும் தெரிந்துகொண்டு போனீர்கள். அது பாதிதான். மீதிப் பாதி, நான் ஒரு பாடகியின் பரம ரசிகன். எனக்கு இதில் இரண்டு கூட்டாளிகள். ஒருவர் என் கடைக்கு எதிர்க்கடைத் தையல்காரர். அதிகம் பேச மாட்டார், வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும் என்பதால் அது வசதியாகவும் போய்விட்டது. இன்னொருவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் விசிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டில் சாப்பாடு போட்டால்கூட "போலாம் ரைட்" என்றுதான் கையை வைப்பார், ஆகவே அவருக்குப் பெயரே ரைட்டு. நாங்கள் மூவரும் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து இந்தப் பாடகியின் கச்சேரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். போய்க்கொண்டிருக்கிறோமே தவிர, ஒழுங்காகக் கேட்டது ஒன்றுகூட இல்லை. திறந்தவெளிக் கச்சேரிக்குப் போனோம், மழை பிடித்துக்கொண்டது, தையல்காரர் முன்யோசனையாகக் கொண்டுவந்த பிளாஸ்டிக் விரிப்புக்குள் மூன்று தலையையும் நுழைத்துக்கொண்டு, விரிப்பின் மேல் விழுந்த மழையை மட்டும் முழுதாகக் கேட்டுவிட்டு வந்தோம். இன்னொரு தடவை அவசரத்தில் கதவு மாறிப் பல் மருத்துவர்கள் மாநாட்டில் போய் உட்கார்ந்துவிட்டோம். ஈறு வீக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரை, கச்சேரிக்கு முன்னால் வரவேற்புரை சொல்கிறவர் என்று நினைத்து ரைட்டு ஊக்கமாக விசிலடித்தார். பேசியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு அதுவரை யாருமே விசிலடித்ததில்லையாம். எங்களை எழுந்து போகவே விடவில்லை.

இந்தப் பாடகிக்கு ஒரு பாட்டு உண்டு. ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் நிற்கிற ஒருத்தி பாடுவது. அதை ஒரே ஒரு தடவை நேரில் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் எங்கள் மூவருக்கும் ஆசை. நாங்கள் போகிற இடத்தில் எல்லாம் மழையும் பல்லும் குறுக்கே வந்ததில் அது நடக்கவே இல்லை. அதற்குள் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை நடந்து, இனி பாடுவது கடினம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் தையல் கடையில் உட்கார்ந்திருந்தோம். ரைட்டு விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். அதன்பின் வருடங்கள் ஓடிவிட்டன. திடீரென்று போன மாதம், அவர் மறுபடி மேடையேறுகிறார் என்று செய்தி வந்தது. எப்படியோ பின்வரிசையில் மூன்று இடம் கிடைத்தது.

இப்போது கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மகனுக்குப் பக்கத்தில் நிற்கும்போது நானும் கொஞ்சம் பார்க்கும்படியாக இருக்க வேண்டும் என்று திருமணத்துக்காகத் தைக்கக் கொடுத்த கோட்டு அது. கச்சேரி அன்று மாலை அளவு சரிபார்க்கப் போட்டுக்கொண்டு தையல் கடைக் கண்ணாடி முன்னால் நின்றேன். உடம்பெல்லாம் சாக்பீஸ் கோடு, காலரில் குண்டூசி, வலது கை மட்டும் நீளநீளத் தையலில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. ரைட்டு உள்ளே பாய்ந்தார்.

"இன்னும் ஊசி கோத்துக்கிட்டா இருக்கீங்க? அங்க கதவு தொறந்து ஜனம் உள்ள போயாச்சு. ஏறு ஏறு!"

"கோட்டக் கழட்டிட்டு வர்றேன்" என்றேன்.

தையல்காரர் வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு, "அவசரமாக் கழட்டினா முதுகெல்லாம் குத்தும். நிதானமாத்தான் கழட்டணும், அதுக்கு நேரமில்ல. அப்படியே வா. கைய மட்டும் தூக்காத" என்றார்.

கையைத் தூக்காமல் கச்சேரி கேட்பது முடிகிற காரியமா, தாங்களே சொல்லுங்கள்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்கள் பாடகி கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மெலிந்திருந்தார். முதலில் சின்னச் சின்னப் பாட்டாகப் பாடினார். குரல் பழைய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஆள் அதே ஆள். எங்களுக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து ஆளிடம், "ரெக்கார்டப் போட்டுட்டு வாய அசைக்கிறாங்க" என்றார். வாயே திறக்காத எங்கள் தையல்காரர் அவர் தோளைத் தொட்டு, "ரெக்கார்டுக்கு மூச்சு வாங்காது, கவனிச்சுக் கேளுங்க" என்றார்.

பிறகு அந்தப் பாட்டு. முதல் இரண்டு சுரம் கீபோர்டில் வந்ததுமே ரைட்டு என் தொடையைப் பிடித்துக் கிள்ளினார், இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. முதல் சரணம் வந்தது, நன்றாகவே வந்தது. இரண்டாம் சரணத்தில் பாட்டு மேலே ஏறுகிற ஓர் இடம் உண்டு, அவள் ரயிலைப் பார்த்துக் கூப்பிடுகிற இடம். அங்கே போய்க் குரல் நின்றுவிட்டது, சம்பந்தி. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. வாத்தியக்காரர்கள் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக் காத்திருந்தார்கள். அவர் மறுபடி முயன்றார். வரவில்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். முன்வரிசையில் சிலர் எழுந்தார்கள். நாற்காலி தரையில் இழுபடுகிற அந்தச் சத்தத்தை அவர் கேட்டார், கேட்டதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், கண்ணாடி விற்கிறவன் நான், எனக்குத் தூரப்பார்வை நன்றாகவே இருக்கிறது.

அப்போதுதான் ரைட்டு பையில் கையைவிட்டு, நீளமாக ஒற்றை விசில் கொடுத்தார்.

ஆயுள் முழுக்கப் பஸ்ஸில் போன ஜனங்கள். ஒற்றை விசில் கேட்டால் கால் தானாக நிற்கும். எழுந்து போய்க்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ரைட்டு முழங்கினார்: "யாரும் எறங்காதீங்க! வண்டி இன்னும் போய்ச் சேரல!" அதோடு இரட்டை விசிலும் கொடுத்துவிட்டார். கொடுத்தால் வண்டி கிளம்ப வேண்டுமே. யார் கிளப்புவது? அரங்கமே எங்களைத் திரும்பிப் பார்க்கிறது. என்னையறியாமல் நாற்காலிமேல் ஏறி, கையைத் தூக்கி, அந்த உயரமான இடத்தை நான் பாடிவிட்டேன்.

எனக்குப் பாட வராது. நான் தாலாட்டுப் பாடியதால்தான் என் மகள் சின்ன வயதிலேயே தானாகத் தூங்கப் பழகிக்கொண்டாள் என்று என் மனைவி சொல்வாள். ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. கையைத் தூக்கியதும் கோட்டின் வலது கை கழன்று காற்றில் பறந்தது. தையல்காரர் அதை எட்டிப் பிடித்தார். டிவியில் என் பின்னால் ஒருவர் கோட்டுக் கையைப் பிடுங்கிச் சுழற்றுவதுபோலத் தெரிகிறதே, அவர்தான் இவர். பிடுங்கவில்லை, கொடியாக ஆட்டினார். அந்த மௌனியிடமிருந்து அப்படி ஓர் ஆட்டத்தை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

கதவு அகலத்துக்கு ஒரு பாதுகாவலர் வந்தார். "சார், கீழ எறங்குங்க." நான் வரியின் நடுவில் இருந்தேன், நடுவில் விட்டால் நன்றாகவா இருக்கும்? அவர் என்னை ஒரே தூக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். அந்த நேரம் மேடையிலிருந்து ஒரு கரகரத்த குரல்: "அவர எறக்காதீங்க. பாடட்டும்."

பாதுகாவலருக்கு என்னைக் கொண்டுபோகவும் வழியில்லை, இறக்கவும் வழியில்லை. தோளிலேயே உட்கார வைத்துக்கொண்டார். கீபோர்டு வாசிக்கிறவர் என் சுருதியைத் தேடினார். அது ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் ரைட்டு சேர்ந்துகொண்டார், முன்னாலிருந்த ரெக்கார்டு ஆள் சேர்ந்துகொண்டார், வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்து போகப் பார்த்தவர்களும்தான். பாதுகாவலரும் பாடினார். அவர் அடிவயிற்றிலிருந்து எடுத்தது எனக்குத் தொடை வழியாகத் தெரிந்தது. படத்தில் அவர் முகத்தைக் கோணிக்கொண்டு கத்துவது எங்களுக்குள் கைகலப்பு என்று தங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அது கைகலப்பு இல்லை, நான் குனிந்தபோது காலரில் இருந்த குண்டூசி அவர் காதில் குத்திவிட்டது. அப்படியும் அந்த மனுஷன் வரியை விடவில்லை.

அப்போது எங்கள் பாடகி மைக்கை மறுபடி தூக்கினார். உயரமான இடத்தை எங்களிடமே விட்டுவிட்டுக் கீழே, தன் புதுக் குரலில், பேசுகிற மாதிரி மெதுவாகப் பாடினார். நாங்கள் மேலே கத்திக்கொண்டு போகிறோம், அவர் கீழே நடந்து வருகிறார், முடிகிற இடத்தில் எல்லாரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். இத்தனை வருடமும் அந்தப் பாட்டு நேரில் எப்படி இருக்கும் என்று கற்பனை பண்ணி வைத்திருந்தேன். அப்படி இல்லை. அதைவிட நன்றாக இருந்தது. அழுதேன், அதுவும் டிவியில் வந்திருக்கிறது, அடிபட்டு அழுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்கு "பரபரப்பு" என்று அடியில் எழுத்து ஓடவிட்டவர்கள் நிச்சயம் அரங்கத்துக்குள் வரவில்லை.

முடிந்ததும் எங்கள் மூவரையும் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். பாடகி ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க பாடினது சகிக்கல" என்றார். "ஆனா அந்த நேரத்துல பாடினீங்க பாருங்க." பிறகு ரைட்டைப் பார்த்து, "நான் மேடைய விட்டு எறங்கறதுக்குக் கால எடுத்து வச்சாச்சு. உங்க விசில் கேட்டுத்தான் நின்னேன்" என்றார்.

அன்றைக்குத் தையல் கடையில் இருந்ததுபோலவே ரைட்டு விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். தையல்காரர்தான், "கைய நாளைக்கே தச்சுடலாம்மா, ஒண்ணும் ஆகல" என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். அதைக் கேட்டு எங்கள் பாடகி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தொண்டை வலித்திருக்கும், ஆனாலும் நிறுத்தவில்லை.

சம்பந்தி அவர்களே, தங்கள் குடும்பம் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற குடும்பம். இந்த ஆள் நமக்குச் சம்பந்தியா என்று தாங்கள் யோசித்தால் அதைத் தப்புச் சொல்ல மாட்டேன். மகள் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் அதே யோசனைதான் வந்தது. வருந்துகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. எங்கள் பாடகி தலைகுனிந்து மேடையை விட்டுப் போயிருந்தால்தான் நான் வருந்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வாக்குறுதி தருகிறேன். என் மகள்மேல் தங்களுக்கு எந்தச் சங்கடமும் வேண்டாம், அவள் அம்மாவைப் போல நிதானமானவள். என் மனைவியோ செய்தியைப் பார்த்துவிட்டு, "கோட்டு நல்லாத்தான் தச்சிருக்கார்" என்று மட்டும் சொன்னாள். திருமணம் நல்லபடியாக முடிகிறவரை நான் எந்தக் கச்சேரிப் பக்கமும் தலைவைத்துப் படுக்க மாட்டேன். திருமணத்தன்று இரண்டு கையும் உள்ள கோட்டோடு, வாயை மூடிக்கொண்டு, தாங்கள் சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்பேன். இது உறுதி.

பிள்ளைகள் இருவரும் ஒருவர் சுருதிக்கு ஒருவர் இறங்கிவந்து நெடுங்காலம் நன்றாக வாழ வேண்டும். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்துக் கடை வாசலிலேயே நிற்கும்,
கண்ணாடிக் கடைச் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், ரைட்டு மூச்சிரைக்க வந்து நிற்கிறார். எங்கள் பாடகி அதே அரங்கத்தில் இன்னொரு கச்சேரி அறிவித்துவிட்டாராம். தேதி, நம் பிள்ளைகளின் திருமண வரவேற்பு நாள். அதே மாலை. ஆகவே மேலே "இது உறுதி" என்று முடிகிற பத்தியைத் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வரவேற்பை மதியத்துக்கு மாற்றிக்கொண்டால் யாருக்கும் கஷ்டமில்லை. மகளிடம் கேட்டேன், அவள் மாப்பிள்ளையிடம் கேட்டாள், இருவருக்கும் சம்மதம். சம்பந்தியம்மாளிடம் என் மனைவி இப்போதுதான் போனில் பேசினாள். கச்சேரியில் தூணுக்குப் பின்னால் இல்லாத இடமாக வேண்டும் என்று மட்டும் சொன்னார்களாம். இனித் தாங்கள் ஒருவர்தான் பாக்கி. எனக்கும் ரைட்டுக்கும் நடுவில் தங்களுக்கு இடம் போட்டாயிற்று. நாற்காலி பலமானதுதான், ரைட்டு ஏறி நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.