சின்னமில்லாத வகுப்பறை

தாமரையை மறைத்தாகிவிட்டது. சூரியனை என்ன செய்வது என்றுதான் அன்புசெல்விக்குத் தெரியவில்லை.

ஒன்றாம் வகுப்புச் சுவரில், கதவுக்கு நேர் எதிரே, முறம் அகலத்துக்கு மஞ்சள் சூரியன். கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் வைத்த சூரியன். மீன் வரும் தெர்மாகோல் பெட்டியின் மூடியை மூன்று நாள் கழுவி, நாற்றம் போக வெயிலில் வைத்து, வெட்டி ஒட்டியது. அந்த அறையில் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்று பார்த்தால் பசைக்கான மைதா மாவு மட்டும்தான். அகர வரிசை கல்யாணப் பத்திரிகை அட்டையில் இருந்தது. பூச்செடி உடைந்த ஜக்கில் இருந்தது. பிள்ளைகள் எண்ணிப் பழகுவது பாட்டில் மூடிகளில். புதுச்சேரியில் பாட்டில் மூடிக்கு என்றைக்குப் பஞ்சம்?

"இது ஒரு கட்சியோட சின்னம் டீச்சர்," என்றார் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கண்ணையன். "இப்படியே உட்டீங்கன்னா மத்த கட்சிக்காரன் பூரா வாசல்ல வந்து உக்காந்துடுவான்."

இன்னும் நாலு நாளில் தேர்தல். சாரம் பகுதியில் இருந்த அந்த அரசுத் தொடக்கப்பள்ளியில் வாக்குச்சாவடி ஒன்றாம் வகுப்பு அறைதான். நாளை மூன்று மணிக்கு அதிகாரி பார்வையிட வருகிறார். காலையிலேயே தலைமையாசிரியர் பஞ்சநாதன் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஏம்மா, ஒரு சின்னம் கண்ணுல படக்கூடாது. புகார்னு ஒண்ணு வந்தா என்னை யாரும் அசைக்க முடியாது, நான் நிரந்தரம். நீ ஒப்பந்தம். ஜூன்ல உனக்கு நீட்டிப்பு வேணும்ல?"

வேணும். பஞ்சாலை மூடிய பிறகு மார்க்கெட்டில் மூட்டை தூக்கி அவளைப் படிக்கவைத்த அப்பாவுக்கு இப்போது முதுகு நிமிரவில்லை. வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான்.

"கதிரை வெட்டிட்டு இதழ் ஒட்டிட்டா?" என்றாள். "சூரியகாந்திப் பூ ஆயிடும்."

"செய்ங்க, பார்ப்போம்."

செய்தாள். பூ நன்றாகவே வந்தது. காம்பு மொட்டையாகத் தெரிந்ததால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று இலை ஒட்டினாள். கண்ணையன் பின்னால் போய் நின்று பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"டீச்சர், எத்தினி இலை?"

"ரெண்டு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஏணியில் நின்றபடியே பிய்த்தாள். இலையோடு காம்பும் இதழும் சேர்ந்து வந்தன. ஒரு பக்கம் சப்பி, கீழே மூக்கு நீண்ட மஞ்சள் உருண்டை மிஞ்சியது.

"இப்ப மாம்பழம் ஆயிடுச்சி," என்றார் கண்ணையன்.

மூக்கை அறுத்தாள்.

"இப்ப பலூன்."

"பலூன்ல யாரு நிக்கிறா?"

"சுயேச்சை. லாஸ்பேட்டைக்காரரு. போன தடவை நாப்பத்தோரு ஓட்டு."

"நாப்பத்தோரு ஓட்டுக்கெல்லாமா பயப்படறது?"

"ஓட்டு வாங்காதவன்தான் டீச்சர் புகார் எழுதுவான். ஜெயிக்கிறவனுக்கு அதுக்கு ஏது நேரம்?"

அன்புசெல்வி சூரியனை மொத்தமாகப் பெயர்த்துக் குப்பைக் கூடையில் போட்டாள். நல்லவேளை இந்த மனிதர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணையன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அதற்கு முன்பு எல்லாக் கட்சிக்கும் சுவரில் சின்னம் வரைந்தவர். மகள் துர்காவைப் பள்ளியில் விட வந்தவர், பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் உட்காரவைத்துவிட்டு டீச்சர் தனியாக ஏணியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அன்றைய வேலையை விட்டுவிட்டுக் கூடவே நின்றுவிட்டார். கூலி பேசவில்லை. வாங்கிக் கொடுத்த டீயைக்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

"அடுத்து என்னாண்ணே?"

"ஜக்கு. அதை எடுத்து உள்ள வைங்க. அப்புறம் சைக்கிள் படம், யானைப் படம். அந்த வெளக்கு. சீப்பு."

"சீப்புமா?"

"சீப்புல ஒரு அம்மா நிக்கிறாங்க."

அகர வரிசை அட்டை அட்டையாகக் கழன்றது. கடைசியில் ஃ மட்டும் சுவரில் இருந்தது. அதற்குப் படம் கிடைக்காமல் அவள் அப்போதே விட்டிருந்தாள்.

"ஜன்னல்கூட சின்னம்னு சொன்னாங்களே. பேத்து எடுத்துடலாமா?" என்றாள் எரிச்சலோடு.

கண்ணையன் அதை நிஜமாகவே யோசித்தார். "வேணாம். ஜன்னல் வாபஸ் வாங்கிட்டாரு."

பிறகு இருவரும் பின்சுவரைப் பார்த்தார்கள்.

பின்சுவர் முழுக்கக் கை. வகுப்பில் சேர்ந்த முதல் நாள் முப்பத்திரண்டு பிள்ளைகளும் பெயிண்டில் முக்கிப் பதித்த கை. ஒவ்வொரு கைக்கும் கீழே ஒரு பெயர். அழுதுகொண்டு வருகிற பிள்ளையை அந்தச் சுவரிடம் கொண்டுபோய், "உன் கை எங்க இருக்கு, காட்டு" என்றால் அழுகை நின்றுவிடும்.

"ஒரு கை இருந்தாலே வம்பு. நீங்க முப்பத்திரெண்டு வெச்சிருக்கீங்க," என்றார் கண்ணையன், குரலைத் தாழ்த்தி.

"மீனாக்கிடறேன்," என்றாள் அவசரமாக. நாலு கைகளுக்குக் கண்ணும் வாலும் வரைந்தாள். "இப்ப?"

"இப்ப கண்ணு வெச்ச கை."

வேறு வழியில்லை. மூலையில் கிடந்த சுண்ணாம்பைக் கரைத்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே அடித்தாள். பதித்தது எண்ணெய் பெயிண்ட், அடித்தது சுண்ணாம்பு. அடிக்க அடிக்கக் கைகளின் மேல் மட்டும் சுண்ணாம்பு ஒட்டாமல் வழிந்தது. சுவர் பளிச்சென்று வெளுத்ததில், சிவப்பும் பச்சையுமாக முப்பத்திரண்டு கையும் முன்னைவிட எடுப்பாக எழுந்து நின்றன.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சநாதன் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"என்னம்மா இது, மாநாடு நடத்தறியா? மறைக்கச் சொன்னா புதுசா எழுதி வெச்சிருக்க!"

"சார், அது பழசுதான் சார்..."

"ஜூன் மாசத்தை மறந்துடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்புசெல்வி சுண்ணாம்புக் கையோடு குட்டி பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பாவின் மாத்திரைச் சீட்டு, வீட்டு வாடகை, வேறு வேலைக்கு எங்கே போய் நிற்பது என்று நினைப்பு எங்கெங்கோ ஓடியது.

"எழுந்திரிங்க டீச்சர். நான் இருக்கறேன்ல," என்றார் கண்ணையன். வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். படகுக்கு அடிக்கும் வெள்ளை பிரைமரில் ஒரு வாளி கொண்டுவந்தார். உப்புத் தண்ணீருக்கே அசையாத பெயிண்ட். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், சாயங்காலத்துக்குள் நாலு சுவரும் வெள்ளை. கைகளும் போயின, ஃ-உம் போனது.

மறுநாள் காலை பிள்ளைகள் உள்ளே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். அபி பின்சுவரில் போய்த் தடவித் தடவித் தேடினாள்.

"டீச்சர், என் கை எங்க?"

"உள்ளாற இருக்கு கண்ணு. ஓட்டு முடிஞ்சதும் வரும்."

"யாரு எடுத்தா?"

அன்புசெல்வி வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

மதியம் பஞ்சநாதன் எட்டிப் பார்த்தார். அவருக்கு இதுவும் பிடிக்கவில்லை.

"பொணம் போடற ரூமாட்டம் இருக்கேம்மா. பள்ளிக்கூடம்னு தெரியவே இல்லையே. வர்ற அதிகாரி கேட்டா என்ன சொல்லுவ?"

வைத்தாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. கண்ணையன்தான் முன்னால் வந்தார். அன்றும் அவர் வேலைக்குப் போகவில்லை.

"அதுக்கென்னா சார். நம்ம போர்டு நரைச்சிப் போய்க் கெடக்குது. ஒரு தடவ கறுப்பு அடிச்சி, சுத்தி வெள்ளையில பார்டர் குடுத்தா எடுப்பா இருக்கும். உள்ள நுழையறப்பவே பள்ளிக்கூடம்னு மனசுல பதியும்."

"அடிச்சிடேன், சட்டுனு அடி," என்றார் பஞ்சநாதன்.

அரை மணியில் அடித்து முடித்தார். வெறும் வெள்ளைச் சுவரில் அந்த ஒன்றுதான் கண்ணை இழுத்தது. ஓரத்துக் கோடு நூல் பிடித்ததுபோல இருந்தது. வேலை முடிந்ததும் கண்ணையன் கையைத் துடைத்துக்கொண்டு, வராண்டாவில் பிள்ளைகளை அழைக்க வந்து நின்ற பெற்றோர் எல்லாரையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

மூன்று மணிக்கு அதிகாரி விஜயராகவன் வந்தார். பின்னால் பசை வாளியும் சுருட்டிய தாள்களுமாக அலுவலக உதவியாளர் மண்ணாங்கட்டி. அதிகாரி காலையிலிருந்து பதினோரு சாவடி பார்த்துவிட்டு வந்திருந்தார். எல்லா இடத்திலும் இலை, பூ, பழம் என்று ஏதாவது ஒன்று மாட்டி, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

வாசலிலேயே நின்றார். நாலு சுவரையும் பார்த்தார். அன்புசெல்வி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுதான் பூத்து!" என்றார் அவர். "யாரும்மா செஞ்சது?"

"நான்தான் சார் பக்கத்துல நின்னு செய்ய வெச்சேன்," என்றார் பஞ்சநாதன்.

அதிகாரி போர்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார். உடனே கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து, சாவடிப் பொறுப்பாளர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார்.

"எல்லாரும் இதைப் பாருங்க. சுவர் வெள்ளை, நடுவுல போர்டு ஒண்ணு. அவ்வளவுதான். நம்ம தொகுதியில ஒரு பூத்து பாக்கியில்லாம நாளைக்குள்ள இப்படி இருக்கணும். போர்டை மட்டும் நல்லா கறுப்பு அடிச்சி, தூரத்துல இருந்தே தெரியற மாதிரி வைங்க."

அவர் அடுத்த அறைக்கு நகர்ந்ததும் பஞ்சநாதன் அன்புசெல்வியின் பக்கம் குனிந்தார். "ஜூன் மாசத்துக்கு நான் பொறுப்பு. போய் நிம்மதியா டீ குடி."

இதை முதலில் கண்ணையனிடம் சொல்ல வேண்டும். வராண்டாவுக்கு ஓடி வந்தாள். ஆளைக் காணோம். கதவுக்குப் பக்கத்தில் மண்ணாங்கட்டி வேட்பாளர் பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கண்ணையன்னு ஒருத்தர், பெயிண்ட் அடிக்கிறவரு, இந்தப் பக்கம் போனாரா?"

மண்ணாங்கட்டி தாளின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் விரலை நிறுத்தினார்.

"இங்கதான் இருக்காரு பாருங்க டீச்சர், பதினேழாவது பேரு: கண்ணையன், சுயேச்சை, சின்னம் கரும்பலகை."