போனுக்கு வைத்த சந்தனப் பொட்டு

முதலிலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். கழற்ற முடிகிற சாமான் ஏதாவது கிடைத்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மிக்ஸி, டார்ச் லைட், தையல் மெஷின், பக்கத்து வீட்டுச் சுவர்க் கடிகாரம் எல்லாம் என் கையில் ஒரு தடவையாவது கழன்றவைதான். வாய் மட்டும் திறக்காது. வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். நான் 'வாங்க' என்று சொன்னது அந்தக் கதவுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். (என் கல்யாண போட்டோவில் பாதி முகம்தான் தெரியும். மீதி மாலைக்குள் இருக்கிறது.)

இப்படிப்பட்டவள் கையில் என் மகன் சரவணன் அந்தப் போனைக் கொண்டு வந்து கொடுத்தான்.

அவன் பெங்களூரில் இருக்கிறான். ஆபீஸ் வேலையாக வெளிநாடு போனபோது வாங்கி வந்தானாம். டப்பாவைத் திறந்தால் உள்ளே போனோடு குட்டியாக ஒரு ஸ்க்ரூ டிரைவர். "இது கெட்டுப்போனா தூக்கிப் போட வேண்டியதில்லம்மா. எது கெட்டுச்சோ அத மட்டும் கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம். நீயே செய்யலாம்" என்றான். எனக்குக் காது குளிர்ந்து போயிற்று.

பிறகு அவன் வேறு என்னவோ விளக்கினான். மற்ற போன்களைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்களாம். அதனால்தான் அவை அப்பளம் மாதிரி மெல்லிசாக இருக்கின்றன, தண்ணீரும் லேசில் உள்ளே போகாது. இது திறந்து மூடுகிற போன் என்பதால் கொஞ்சம் தடிமன், கேமராவும் சுமார்தான், ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். கழற்றலாம் என்பது வரைக்கும் நான் கவனமாகக் கேட்டேன். ஈரம் என்று அவன் ஆரம்பித்தபோது என் கை பின்பக்க மூடியைத் திறந்துவிட்டிருந்தது.

இரண்டே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டப் பழகிவிட்டேன். சார்ஜ் ஏறுகிற இடம் பழுதானபோது, சரவணன் அனுப்பிய புதுப் பாகத்தை அரிசி களைகிற நேரத்தில் மாற்றினேன். போன் கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கமும் பேட்டரி ஒரு பக்கமும் ஓடும். பொறுக்கி எடுத்து மாட்டினால் மறுபடி பேசும். என் மகள் கயல்தான், "பஸ்ல வெளிய எடுக்காதம்மா, செங்கல்லத் தூக்கிட்டுப் போறன்னு நினைப்பாங்க" என்பாள். அவளுடையது அப்பள ஜாதி. ஒருநாள் அது தரையில் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டும், பூஜை லீவு முடிந்து வாருங்கள் என்று கடையில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த பெருமை கொஞ்ச நஞ்சமில்லை. மூன்று நாள் வீட்டில் அந்தப் பேச்சாகவே இருந்தேன்.

அந்த லீவில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சிம்மக்கல்லில் பழுதான மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. ஆயுத பூஜை என்றால் கடையில் உள்ள ஸ்பேனர், சுத்தியல், கொறடு அத்தனையையும் துடைத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அவருக்குப் பொறுக்காது. முப்பது வருஷமாக அந்தப் பொட்டுகளை வைக்கிறவள் நான். அந்த வருஷம் என் போனும் பூஜைக்கு வந்தது. மொத்தமாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உள்ளே இத்தனை பாகம் உழைக்கிறதே, மூடிக்கு மட்டும் பொட்டு வைத்தால் மற்றவை என்ன நினைக்கும்?

கழற்றினேன். வாழை இலையில் பரப்பினேன். ரோஸ் வாட்டர் விட்டுச் சந்தனம் குழைத்து, மேலே குங்குமமும் வைத்து, ஸ்பீக்கருக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று, முன்பக்கக் கேமராவுக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. பேட்டரியில் எங்கே வைப்பது என்று யோசித்தேன். ஓரத்தில் தங்கம் மாதிரி மின்னிக்கொண்டு சின்னதாக ஒரு தகடு இருந்தது. நெற்றி மாதிரியே இருந்தது. அங்கே நன்றாக அழுத்தி வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் வெளியே தெரிந்ததை மட்டும் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் மாட்டினேன். போன் வெளிச்சம் காட்டியது. வேறென்ன வேண்டும்?

அன்று பத்தரை மணிக்குக் கயலைப் பெண் பார்க்கத் திருவாதவூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளை கார்த்தி குவைத்தில் மெஷின் ரிப்பேர் வேலையில் இருந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணிடம் முகம் பார்த்து ஒரு தடவை பேசிவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று அவர் கேட்டிருந்தார். கயலுக்கு அவரைப் போட்டோவிலேயே பிடித்துப் போயிற்று. (போட்டோவைப் பீரோவில் வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். பீரோவில் அது இல்லை.) கயல் போன் கடையில் கிடக்கிறது. எங்கள் வீட்டுக்காரரிடமும் மாப்பிள்ளையின் அப்பாவிடமும் பட்டன் போன். ஆகவே என் போனுக்குத்தான் குவைத்திலிருந்து அழைப்பு வரும் என்று ஏற்பாடு.

எனக்கு இருந்த ஒரே பயம் மாப்பிள்ளையின் அம்மா. சகுனம் பார்க்கிறவர். வேறொரு வீட்டில் பெண் காபி கொண்டு வரும்போது பல்பு ஃபியூஸ் ஆனதால், அந்தக் காபியைக் குடிக்காமலே எழுந்து போனவர் என்று தரகர் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. கயல் எடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் என் இடத்தில் நின்றேன்.

"அங்க எதுவும் தீப்பிடிச்சிருக்கா? ஒரே செவப்பா இருக்கே" என்றது மாப்பிள்ளையின் குரல்.

கயல் இல்லையென்றாள். அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னாள். கேட்கவில்லை. பெண் வாயே திறக்கவில்லையே, இஷ்டமில்லையோ என்று அங்கே அவர் கேட்பது மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. கயல் ஒவ்வொரு எழுத்தாகக் கத்திக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்து போயிற்று.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி அப்படியே இருந்தது.

"மொதப் பேச்சே பாதியில அறுந்திருச்சே" என்றார் மெதுவாக.

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பேன். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டில் போய் ஒரு போன் கேட்டு வாங்கலாம். ஆனால் போய்க் கேட்க வேண்டுமே. அதைவிட இதைக் கழற்றுவது எனக்குச் சுலபம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக விருந்தாளிகள் முன்னால் நடந்து வந்தேன். பூஜை அலமாரியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். நடுக்கூடத்தில் பாயில் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர், "இப்பப் போயா?" என்றார். நான் மூடியைத் திறந்தேன்.

நாலு ஸ்க்ரூ. கறுப்பாக, அரிசியை விடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். பாயில் வைத்தால் உருண்டு போய்விடும். பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது, அதில் வைத்தேன். அது வெற்றிலைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கிராம்பு எல்லாம் வைத்து நானே அலங்கரித்த தட்டு. அது என் புத்திக்கு அப்போது எட்டவில்லை.

குனிந்த தலை நிமிராமல் முந்தானையால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் மாப்பிள்ளையின் அப்பா ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து, இரண்டு விரலால் ஒரு கிராம்பையும் எடுத்து வைத்து, மடித்து வாயில் போட்டார்.

கடக் என்று கேட்டது.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு கையில் துப்பிப் பார்த்தார். நல்ல மனிதர். எழுந்து வந்து உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார்.

"இது ஒங்களோடதான்னு பாருங்க. இன்னொன்னு என்னோடது."

ஸ்க்ரூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய கடைவாய்ப் பல்தான் பாதியாக இருந்தது.

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் போனோடு உள்ளே போயிருப்பேன். வேறு வழியில்லாமல் அந்த ஸ்க்ரூவைக் கழுவி, துடைத்து, மாட்டினேன். போன் வெளிச்சம் காட்டியது. அந்த நிமிஷமே குவைத்திலிருந்து மறுபடி அழைப்பு. இந்தத் தடவை படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மாப்பிள்ளைக்கு முதலில் தெரிந்தது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய அப்பா.

என்ன நடந்தது என்று அவர் கேட்க, கயல் ஒன்றையும் மறைக்கவில்லை. வாழை இலை, சந்தனம், பேட்டரியின் நெற்றி, வெற்றிலைத் தட்டு, பல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டாள். முடிக்கும்போது அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுபடி அணைந்துவிட்டதோ என்று நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"அத்தையே கழட்டி அத்தையே மாட்டுனாங்களா?" என்றார் மாப்பிள்ளை. "அத்தைட்டக் குடுங்க, பேசணும்."

கூடத்தில் எல்லோரும் அவருடைய அம்மாவைப் பார்த்தோம். அவர் பெருமூச்சு விட்டார். கீழே வைத்த டம்ளரை எடுத்தார்.

"அத்தைனு கூப்பிட்டுட்டானே. இனி நாம என்னத்தச் சொல்ல" என்று மீதிக் காபியைக் குடித்தார். ஆறிப் போயிருக்கும். ஆனாலும் சொட்டு விடாமல் குடித்தார்.

தை மாதம் கல்யாணம். இந்தத் தடவை போட்டோவில் என் முகம் முழுசாகத் தெரிகிறது. மாப்பிள்ளையின் அப்பா, பக்கத்தில் வந்து நில்லுங்கள் என்று விடாப்பிடியாகக் கூப்பிட்டதால் போய் நின்றேன்.

பாதிப் பல்லைக் காப்பாற்ற முடியாது, மற்ற பற்களும் ஆடுகின்றன, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவர் பல் செட்டு வாங்கிவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் அதைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி நடுக்கூடத்தில் வைப்பார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, பொக்கை வாயால் சத்தமாகச் சொல்வார்:

"சம்பந்தியம்மா, என்னோடதும் இப்ப ஒங்க போன் ஜாதிதான். கழட்டலாம், மாட்டலாம். ஆனா இதத் தண்ணிக்குள்ள போடலாம்."