சம்பந்தி வீட்டு வால்நட்சத்திரம்

எனக்குத் தெரியாத வேலை உலகத்தில் கிடையாது என்று நாற்பது வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். யாரும் மறுத்ததில்லை. நம்பினார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் மிதிக்காதவன். லேத் பட்டறையில் கூட்டிப் பெருக்க ஆரம்பித்து, மராத்தி பேசும் விஷ்ராந்த்வாடியில் சொந்தப் பட்டறையும் மூன்று மாடி வீடும் கட்டினேன். (இரும்பில் அரை முடி கன வித்தியாசத்தை விரலால் தடவியே சொல்வேன். இன்றைக்கும் வந்து பார்க்கலாம்.) அதனால், இரவு வானத்தைப் படம்பிடிக்கக் கேமரா வாங்கியபோது, "ஆன்லைன்ல க்ளாஸ் இருக்குப்பா" என்ற மகன் குமரனைப் பார்த்துச் சிரித்தேன்.

"லேத்தை எந்த க்ளாஸ்லடா கத்துக்கிட்டேன்?"

கேமரா நிறுத்தும் முக்காலியை நானே வெல்டிங் வைத்தேன். யானை ஏறினாலும் ஆடாது. (மாடிக்கு ஏற்ற நாலு ஆள் வேண்டியிருந்தது.) முதல் மாதம் எல்லாப் படமும் கரி. பிறகு ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைக்கலாம் என்று கண்டுபிடித்தேன். என் மூச்சுக்காற்றில் கேமரா ஆடிவிடும் என்று, பொத்தானை அழுத்திவிட்டுப் படிக்கட்டுக்குள் போய் நின்றுகொள்வேன். அப்படித்தான் ஒருநாள் அது சிக்கியது. வானத்தின் குறுக்கே நீளமாய் ஒரு வெள்ளை வால். ஒரு ஓரம் சிவப்பு, மறு ஓரம் பச்சை.

(சத்தம் கேட்கவில்லையா என்பீர்கள். எங்கள் பகுதியில் விமானச் சத்தம் யார் காதிலும் ஏறாது. அத்தனை வருடப் பழக்கம்.)

"வால்நட்சத்திரம்டா!"

குமரன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நல்லாருக்குப்பா" என்றான்.

கதவளவு பெரிதாக்கி, அடியில் 'கண்டுபிடித்தவர்: பட்டறை அதிபர் மா. சுடலைமுத்து' என்று தங்க எழுத்தில் போட்டுச் சட்டமிட்டேன். விமான நிலையத்தை ஒட்டிய லோஹேகாவில் சம்பந்தி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அதுதான் என் பரிசு. சம்பந்தி, குமரனின் மாமனார், விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் படித்துப் பார்க்காமல் தொடமாட்டார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்காது.

சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருந்த ஹாலில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தருகே போனார்.

"சம்பந்தி, இந்தச் சிவப்பு இடது றெக்கை லைட்டு. பச்சை, வலது. உங்க வால்நட்சத்திரம் இன்னும் அஞ்சு நிமிஷத்துல எங்க ஊர்ல தரையிறங்கிடும்."

ஹாலே சிரித்தது. அதைத் தாங்கியிருப்பேன். முதலில் சிரித்தது குமரன். வாரக்கணக்காக அடக்கி வைத்திருந்தவனின் சிரிப்பு.

காரில் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"தெரியும்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட யாருப்பா இதுவரைக்கும் தப்புன்னு சொல்லியிருக்காங்க?" கோபமில்லாமல், சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

சம்பந்தி அந்தப் படத்தை இன்னும் கழற்றவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஆன்லைன் க்ளாஸை முழுதாகப் பார்த்தேன். இந்தக் கோடையில், ஊர் வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போய், பால்வீதியைப் பிடித்தேன். நிஜப் பால்வீதி. சாப்பாட்டு மேஜையில் காட்டினேன். மராத்தி கலந்த அரைகுறைத் தமிழ்ப் பேத்தி எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, ஹே எந்த ஃப்ளைட்?"

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை குமரன் படத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நல்லாருக்குப்பா" என்றான். அன்றைக்குச் சொன்ன அதே குரல்.