ஸ்டானிஸ்லாஸும் ஐம்பது பித்தளைக் கூடுகளும்

துப்பாக்கி வீரனின் புகழ் கண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை, பித்தளையில் இருக்கிறது. இந்த மகத்தான உண்மை ராயபுரம் ஸ்டானிஸ்லாஸுக்குப் போன வருஷம் ரைஃபிள் கிளப் போட்டியில் புலப்பட்டது. அன்று அவர் சுட்ட பத்தில் ஒன்றுகூட அவருடைய நாலாம் நம்பர் குறி அட்டையில் படவில்லை. பக்கத்து ஐந்தாம் நம்பரில் படுத்துச் சுட்ட மச்சான் பிராங்கிளின் கப்பு வாங்கினார். அது இன்றும் மச்சான் வீட்டு டிவி பக்கத்தில் நிற்கிறது.

"சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூடு மயிரிழை நீண்டுடும். அதுலயே மறுபடி மருந்து ரொப்பி சுட்டா குறி எங்க நிக்கும்?" என்று மனைவி கிறிஸ்டினாவிடம் விளக்கினார்.

இந்த வருஷம் கிளப்பில் அனுமதி வாங்கி, ஐம்பது காலிக் கூடுகளை வீட்டுக்கே கொண்டுவந்தார். தானே அரத்தால் ராவிச் சமப்படுத்தி, கப்பைக் கொண்டுவரப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார்.

முதல் கூடு கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அதைத் தூக்கி எறிவது கௌரவக் குறைவு. எனவே மற்ற நாற்பத்தொன்பதையும் அதற்குச் சமமாக ராவினார். முப்பதாவது இன்னும் குட்டையானது. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஐம்பதும் ஒரே உயரம். லிப்ஸ்டிக் மூடி அளவு.

அரம் பட்ட கீறல் போகவேண்டுமே. புளியோடு சேர்த்து கிறிஸ்டினாவின் கிரைண்டரில் போட்டு ஓட்டினார். பித்தளை பளபளத்தது, கல் பச்சையானது. கழுவிவிட்டதாக அவர் சொன்னதை நம்பி கிறிஸ்டினா மாவு அரைத்தாள்.

"இன்னாங்க, இட்லில சில்லறைக்காசு வாசன வருது."

"சத்து. மச்சானுக்கும் ஒரு டப்பா குடுத்தனுப்பு," என்றவர், தனக்கு மட்டும் பன் வாங்கிவந்தார்.

மறுநாள் போட்டி. கிளப்பின் துப்பாக்கி மெக்கானிக் குணசேகரன் கூடுகள் இருந்த டப்பாவைத் திறந்தார். "இதுல மெழுகுவர்த்தி நட்டு வெக்கலாம் சார்," என்று மூடிவிட்டு, பத்துப் புதுத் தோட்டாக்களை எண்ணிக் கொடுத்தார். இனி குற்றம் சொல்லப் பித்தளையும் இல்லை. ஐந்தாம் இடம் காலி. பிராங்கிளினுக்கு ராத்திரியிலிருந்து வயிற்றுப்போக்காம்.

ஸ்டானிஸ்லாஸ் மூச்சைப் பிடித்துப் பத்தும் சுட்டார். நாலாம் நம்பர் அட்டை, கடையில் வாங்கிய மாதிரியே திரும்பி வந்தது.

அட்டை மாற்றும் மங்கம்மா கையில் இன்னொன்றும் இருந்தது. ஐந்தாம் நம்பர். நடுக் கறுப்பில் பத்து ஓட்டை.

"போன வருசமும் நீ பக்கத்து அட்டையதான் சுட்ட சார்; உன் மச்சான் சுட்டது பூரா மண்மேட்டுல கீது."