ஏணியால் விழுந்து மோட்சத்துக்குப் போன கதை

டொக்டருக்குப் பொய் சொல்லலாம், மருந்துக்குச் சொல்லேலாது. இப்ப மனவருத்தத்துக்கும் பக்கத்திலை ஆள் இருந்து கெட்டமின் எண்ட மயக்கமருந்து ஏத்துகினமாம். என்ன நடக்கும் எண்டு பயப்பிடுறவை என்னைக் கேக்கலாம்.

தொண்ணூறுகளிலை இத்தாலியிலை, சிசிலித்தீவுப் பலெர்மோவுக்கு வந்த புதிசு. சியாகுல்லித் தோட்டத்திலை மண்டரின் தோடம்பழம் பிடுங்கினன். ஆனால் பொம்பிளை வீட்டாருக்குச் சொன்னது சுப்பவைசர் எண்டு. (எனக்குக் கீழை இருந்தது ஒரு ஏணி மட்டும்தான்.) அந்த ஏணியும் ஒருநாள் சறுக்க, தோள்மூட்டு கழண்டுபோச்சு.

ஆஸ்பத்திரியிலை பாஷை விளங்காமல் முழுசிக்கொண்டு கிடந்தன். மொழிபெயர்க்க எண்டு கோயில் ஆக்கள் ஒருத்தியை அனுப்பிவிட்டினம். ஆர் எண்டு பாத்தால், எனக்குப் பேசியிருந்த ஜெசிந்தா. அவ இஞ்சைதான் ஒரு வீட்டிலை வேலை. தோட்டத்தை மேற்பார்வை பாக்கேக்கை விழுந்திட்டன் எண்டு சமாளிச்சன்.

மயக்கமருந்து குடுக்கிற டொட்டோரெஸ்ஸா, அதுதான் பொம்பிளை டொக்டர், கதிரையை இழுத்துப்போட்டு ஆறுதலாய் இருந்தா. இந்தக் கெட்டமின் ஊசி போட்டால் உடம்பே இல்லாத மாதிரி இருக்கும், விசித்திரமாய் ஏதும் தெரியும், அதோடை மல்லுக்கட்டாதை, கொஞ்சத்திலை அடங்கும், அதுமட்டும் நான் எழும்பிப் போகமாட்டன் எண்டா. ஜெசிந்தா ஒவ்வொண்டாய்த் தமிழிலை சொன்னா. தெரிஞ்ச குரல் கேட்டால் பயம் குறையும் எண்டு டொக்டர் அவவையும் பக்கத்திலை இருத்தினா. அப்பிடி ஒரு டொக்டரை நான் பிறகு காணேல்லை.

ஊசி ஏற, கட்டில் மேலை போச்சு. சுத்திவர ஒரே வெள்ளை. சரி, செத்துப்போனன். வெள்ளை உடுப்போடை நிக்கிறது சம்மனசு. மன்னார்க் கத்தோலிக்கனுக்கு அந்த இடத்திலை என்ன செய்யிறது எண்டு சொல்லித் தரவேணுமே? பாவசங்கீர்த்தனத்தைத் தொடங்கினன். பெரிய வெள்ளியிலை இறைச்சி திண்டது, பூசைக்கு எண்டு சொல்லிப்போட்டு மொண்டெல்லோவிலை கடல் குளிச்சது, எல்லாம் வந்துது. கடைசியாய், "சுப்பவைசர் எண்டது பொய். உண்மையைச் சொன்னால் ஜெசிந்தா வேண்டாம் எண்டிடுவா. எனக்கு அவவை நல்ல விருப்பம்."

டொட்டோரெஸ்ஸா சொன்னபடி எழும்பிப் போகாமல் என்ரை கையைப் பிடிச்சபடி இருந்தாவாம். என்ன சொல்லுறான் எண்டு கேட்டாவாம். ஜெசிந்தா முகம் மாறாமல், "செபம் சொல்லுறார்" எண்டாவாம்.

நான் தெளியேக்கை தோள் பொருந்தியிருந்தது, மானம்தான் கழண்டு கிடந்தது. என்ன உளறினன் எண்டு பயந்து பயந்து கேட்டன்.

"எல்லாம் சொன்னியள். பெரிய வெள்ளி இறைச்சியை மட்டும் சுவாமியாரிட்டைச் சொல்லுங்கோ. மற்றதை நான் மன்னிச்சிட்டன்."

அந்த வருசமே கலியாணம். இண்டைக்கும் விருந்தாளியளுக்கு நான் கொஞ்சம் கூட்டி அளந்தால் போதும், சிசிலிக்காரி மாதிரிக் கதைக்கிற என்ரை மகள் குசினிப் பக்கம் திரும்பிக் குரல் குடுப்பாள்:

"மம்மா, அப்பா செபம் சொல்லுறார்."